மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த ஓர் எழுத்து: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

ஊருக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாய் என்று சித்தி சொன்னார்கள். மற்றதை போனில் பேசிக்கொள்வோம். இது வேறு விஷயம்.

போன ஞாயிற்றுக்கிழமை நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து ஹேலோ 2 என்ற வீடியோ கேம் ஆடினோமே, அதில் கதைக்காட்சி வரும்போதெல்லாம் நீ பட்டனைத் தட்டித் தட்டித் தாண்டிக்கொண்டே போனாய். நானும் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, "என்னக்கா இது, இவ்ளோ பெரிய கப்பல் கட்டத் தெரிஞ்சவனுங்க, ஒரு வளையத்தை முடுக்கிவிட்டா சாமி ஆயிடலாம்னு எப்படி நம்புறானுங்க, சுத்த பைத்தியக்காரனுங்க" என்றாய். அப்போது சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டேன். ஆனால் இரண்டு நாளாக அது மனதைவிட்டுப் போகவில்லை. ஏனென்றால் நீ தாண்டிப் போன காட்சிகளுக்குள்தான் அதற்கான பதில் இருக்கிறது. உன்னைப் போல தாண்டிப் போனவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால் இதை எல்லோரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கவனன்ட் கூட்டம், அதாவது அந்த விளையாட்டில் மனிதர்களோடு போரிடும் வேற்றுக்கிரக இனங்களின் கூட்டணி, எதை நம்புகிறது என்று சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய 1,00,000 ஆண்டுகளுக்கு முன் ஃபோர்ரன்னர் என்று ஓர் இனம் பால்வெளி முழுக்கப் பரவி வாழ்ந்தது. திடீரென்று அவர்களைக் காணவில்லை. கட்டடங்கள் இருக்கின்றன, கருவிகள் இருக்கின்றன, 10,000 கிலோமீட்டர் விட்டமுள்ள வளையங்கள் விண்வெளியில் மிதக்கின்றன, ஆட்கள் மட்டும் ஒருவர்கூட இல்லை. விளக்கு எரிகிற, கதவு திறந்து கிடக்கிற பெரிய வீட்டுக்குள் நுழைந்து கூப்பிட்டுப் பார்த்து, பதிலே வராமல் நிற்கிறவர்கள் மாதிரிதான் இந்தக் கவனன்ட் கூட்டம். எங்கே போனார்கள் என்று கேட்காமல் இருக்க முடியுமா? அந்த வளையங்களை முடுக்கித் தெய்வமாகிப் போய்விட்டார்கள், வழியைக் கடைப்பிடித்தால் நாமும் போகலாம் என்பது அவர்கள் கண்ட பதில். அதற்கு மகா பயணம் என்று பெயர். இதில் எனக்குப் பைத்தியக்காரத்தனம் தெரியவில்லை. தெரியாத ஒன்றின் முன்னால் நின்று கைகூப்புவது எந்த உயிருக்கும் இயல்பு.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சான் ஷ்யூம் என்ற இனம், அதாவது தீர்க்கதரிசிகள், ஃபோர்ரன்னர் பொருட்களைப் பிரித்துப் பார்த்துப் பயன்படுத்த வேண்டும் என்றவர்கள். சங்ஹெய்லி, நாம் எலைட் என்று சுடுகிறோமே அவர்கள், புனிதப் பொருளில் கை வைக்கவே கூடாது என்றவர்கள். இதற்காகவே ஒரு பெரிய போர் நடந்தது. எலைட்டுகள் தோற்காமல் இருப்பதற்காகத் தாங்களே அந்தப் பொருளில் கை வைக்க வேண்டி வந்தது. அப்புறம் சண்டை போட என்ன இருக்கிறது? கி.மு. 852-ல் சமாதான உடன்படிக்கை. தீர்க்கதரிசிகள் தேடுவார்கள், விளக்கம் சொல்வார்கள். எலைட்டுகள் காவல் நிற்பார்கள். இதை யோசித்துப் பார், வாளை ஏந்துகிறவன் ஒருத்தன், அந்த வாள் யார்மேல் விழ வேண்டும் என்று சொல்லும் உரிமை இன்னொருத்தனுக்கு. அதன்பின் எதிர்ப்பட்ட ஒவ்வொரு இனமும் ஒன்று சேர்ந்தது, இல்லையென்றால் அடித்துச் சேர்க்கப்பட்டது. முதுகில் மீத்தேன் தொட்டியைச் சுமந்துகொண்டு பயந்து ஓடுகிற கிரண்ட் என்ற குட்டை இனம் இருக்கிறதே, நீ துரத்தித் துரத்திச் சுட்டாயே, அவர்களும் 2462-ல் கிளர்ந்து எழுந்தவர்கள்தான். அவர்களுடைய சொந்தக் கிரகத்தையே மேலிருந்து எரித்து அடக்கினார்கள்.

இனிமேல் சொல்லப்போவது விளையாட்டில் நேரடியாக வராது. 2007-ல் வந்த கான்டாக்ட் ஹார்வெஸ்ட் நாவலில் இருக்கிறது. 2525-ஆம் ஆண்டு, ஹார்வெஸ்ட் என்ற மனிதர்களின் விவசாயக் கிரகம். புனிதப் பொருள் எங்கே இருக்கிறது என்று காட்டும் லூமினரி என்ற கருவியில் அந்தக் கிரகம் முழுக்க ஒரே குறி மின்னுகிறது. அந்தக் குறிக்கு அவர்கள் மொழியில் 'மீட்பு' என்று பொருள், அதாவது அங்கே மீட்டெடுக்க வேண்டிய புனிதப் பொருட்கள் குவிந்து கிடக்கின்றன. இதை வைத்து மேலே வந்துவிடலாம் என்று சான் ஷ்யூம் அமைச்சர்கள் இரண்டு பேர் கணக்குப் போடுகிறார்கள். ஆசி வாங்குவதற்காகத் துறவி போல வாழும் ஒரு கிழவரிடம் போகிறார்கள். தலைநகரின் நடுவே நிற்கும் ஃபோர்ரன்னர் கப்பலில், யுகயுகமாக வாய் திறக்காத ஓர் அருள்வாக்கு இயந்திரத்தைப் பேணி வந்தவர் அவர். அந்த இயந்திரம் அன்றைக்குத்தான் விழித்துப் பேசுகிறது. நீங்கள் இத்தனை காலமாகத் தப்பாகப் படித்துவிட்டீர்கள், அது 'மீட்பு' இல்லை, 'மீட்பவர்' என்கிறது. கருவி காட்டிய ஒவ்வொரு குறியும் ஒரு பொருள் இல்லை தம்பி, ஒரு மனிதன். கோதுமை விதைத்துக்கொண்டிருந்த சாதாரண மனிதர்கள். ஃபோர்ரன்னர்கள் விட்டுப்போனதற்கெல்லாம் உரிமைக்காரர்கள் அவர்கள். அப்படியென்றால் எல்லோரும் தெய்வமாகி மேலே போனார்கள் என்ற கதை நிற்காது.

அந்த அறையில் மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேருக்கும் புரிந்துவிட்டது. வெளியே போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் உடன்படிக்கை உடையும், எலைட்டுகள் வாளைத் திருப்புவார்கள், தங்கள் இனம் மறுபடியும் அழிவின் விளிம்புக்குப் போகும் என்ற பயம் பொய்யில்லை, அதையும் நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் செய்தது என்ன? அந்த மூன்று பேரும் அரியணை ஏறினார்கள். உண்மை, வருத்தம், கருணை என்று பட்டம் சூட்டிக்கொண்டார்கள். அதுவரை நடந்துகொண்டிருந்தது சந்தேக யுகம். அதை முடித்து மீட்பு யுகம் என்று அறிவித்தார்கள். மனிதர்கள் புனிதத்துக்கே இழுக்கு, ஒருவர் மிச்சமில்லாமல் அழிக்க வேண்டும் என்று ஆணை போட்டார்கள். வேறு எந்த இனத்துக்கும் சேர்ந்துகொள் என்று ஒரு வார்த்தையாவது இருந்தது. மனிதர்களுக்கு அதுவும் கிடையாது. ஏன் என்று இப்போது உனக்குத் தெரியும். ஒரே ஒரு மனிதன் உயிரோடு உள்ளே வந்து ஒரு புனிதப் பொருளைத் தொட்டு அது அவனுக்குப் பணிந்துவிட்டால் போதும், எல்லாம் முடிந்துவிடும். 2525-லிருந்து 2552 வரை 27 வருடம், கிரகம் கிரகமாக மேலிருந்து பிளாஸ்மாவை ஊற்றி மண்ணைக் கண்ணாடியாக உருக்கினார்கள்.

நீ கேட்ட கேள்வி, எப்படி நம்புகிறார்கள் என்பது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, இந்தப் போரைத் தொடங்கிய மூன்று பேரும் அதை நம்பவில்லை என்பது. அன்றைக்கு வரை அந்த மதத்தில் இருந்தது தவறான வாசிப்பு. உண்மை தெரிந்த அந்த நிமிடத்திலிருந்துதான் அது பொய்.

இது எனக்கு ஏன் இவ்வளவு உறைக்கிறது என்று சொல்கிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், வாடிக்கையாளருக்குக் கொடுத்த கணக்கில் அடிப்படையே தப்பு என்று மேலே மூன்று நான்கு பேருக்கு முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது. சொல்லவில்லை. எங்கள் குழு எட்டு மாதம் ராத்திரி பகலாக உட்கார்ந்து வேலை செய்தது. கேள்வி கேட்ட ஒரு பையனை, விசுவாசம் இல்லாதவன் என்று எல்லோருக்கும் முன்னால் வைத்துப் பேசினார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் தலையாட்டினேன். பயந்து ஆட்டவில்லை, மேலே இருப்பவர்களுக்குத் தெரியாததா என்று மனதார நம்பித்தான் ஆட்டினேன். அந்தப் பையனின் முகம் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

அதனால்தான் ஹேலோ 2 தொடங்கும் காட்சியை நீ தாண்டியபோது எனக்கு மனசு சங்கடமாகப் போனது. பூமிக்கு மேலே ஒரு விண்நிலையத்தில், நாம் ஆடுகிற மனித வீரன் மாஸ்டர் சீஃபையும் கூட்டாளிகளையும் பாராட்டிப் பதக்க விழா நடக்கிறது, கூட்டம் கைதட்டுகிறது. அதே நேரம் கவனன்ட் தலைநகரில் ஓர் எலைட் தளபதியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். முதல் விளையாட்டில் நீ உடைத்தாயே ஒரு ஹேலோ வளையம், அதைக் காக்கத் தவறியவர். தேல் என்பது அவர் பெயர். காட்சி மாறி மாறி ஓடும். இங்கே பதக்கம், அங்கே அவர் கவசத்தைத் துண்டு துண்டாகக் கழற்றுகிறார்கள். இங்கே கைதட்டல், அங்கே மதத் துரோகி என்ற கூச்சல். கடைசியில் பழுக்கக் காய்ச்சிய முத்திரையை அவர் நெஞ்சில் வைத்து அழுத்துகிறார்கள். அவர் அலறும் சத்தத்தை ஒருமுறை கேள். பிறகு கல்லறை மண்டபத்துக்கு அழைத்துப் போய், ஆர்பிட்டர் என்ற பதவியைக் கொடுக்கிறார்கள். நெருக்கடி வரும்போதெல்லாம் ஒருவரை ஆர்பிட்டர் ஆக்குவார்கள், வந்த ஒவ்வொருவரும் அந்த வேலையிலேயே செத்திருக்கிறார்கள். சூடு வைத்த அதே கைகள் இப்போது சாவதற்கு அனுப்புகின்றன. அவர் திரும்பக் கேட்பது ஒன்றுதான், உங்கள் ஆர்பிட்டர் என்ன செய்ய வேண்டும்?

அந்தக் குரல், கீத் டேவிட் என்ற நடிகருடையது, அதில் துளி வெறி இருக்காது. களைப்பும் கண்ணியமும் இருக்கும். 2004-ல் இது வெளிவந்தபோது, மாஸ்டர் சீஃபாக ஆட வந்தோம், எதிரியாக ஏன் ஆடவைக்கிறீர்கள் என்று நிறையப் பேர் கோபப்பட்டார்கள். எனக்கு அந்தத் தொடரிலேயே மிகத் துணிச்சலான முடிவு அதுதான்.

அவருக்குக் கொடுத்த முதல் வேலை, ஒரு மதத் துரோகியைக் கொல்வது. செசா ரெஃபுமீ என்று பெயர், அவரும் ஓர் எலைட்தான். நீ உடைத்த அந்த வளையத்தைப் பராமரித்த இயந்திரமான 343 கில்ட்டி ஸ்பார்க்கிடமிருந்து உண்மையைக் கேட்டுத் தெரிந்துகொண்டவர். இதையும் கவனன்ட் அருள்வாக்கு என்றுதான் அழைக்கும். வளையம் ஓர் ஆயுதம். ஃப்ளட் என்ற ஒட்டுண்ணிக்கு இரையே கிடைக்காமல் செய்வதற்காக, அறிவுள்ள உயிர்களை எல்லாம் கொன்றுவிடும் ஆயுதம். ஃபோர்ரன்னர்கள் எங்கும் போகவில்லை, வேறு வழியில்லாமல் அதை இயக்கினார்கள், செத்துப்போனார்கள். ரெஃபுமீ ஆர்பிட்டரிடம் கெஞ்சாத குறையாகச் சொல்கிறார், நான் சொல்வதை நம்ப வேண்டாம், இதோ பக்கத்தில் மிதக்கிறதே இந்த அருள்வாக்கு, இதையே கேள். அவ்வளவுதான், ஒரே ஒரு கேள்வி. அதைக் கேட்பதற்குள் சண்டை மூண்டு, ரெஃபுமீ செத்து விழுகிறார். சத்தம் அடங்கியதும், பிரூட் என்ற இன்னொரு கவனன்ட் இனத்தின் தலைவன் டார்ட்டரஸ் தன் சம்மட்டியின் ஈர்ப்பு விசையால் அந்த அருள்வாக்கை ஏதோ பந்து மாதிரி இழுத்துப் பிடித்துக்கொண்டு கிளம்புகிறான். அது அருள்வாக்கு என்று ஆர்பிட்டர் பதறுகிறார். அவர் கையெட்டும் தூரத்தில் உண்மையை வைத்துக்கொண்டு, அதைக் கேட்கச் சொன்னவரைக் கொன்றுவிட்டு நிற்கிறார். நீ இந்த இடத்தை மூன்று நொடியில் தாண்டினாய்.

அப்புறம் நடப்பதெல்லாம் சரசரவென்று நடக்கும். வருத்தம் கொல்லப்படுகிறார், பழி எலைட்டுகள்மேல் விழுகிறது, இத்தனை நூற்றாண்டு காவல் நின்றவர்களை நீக்கிவிட்டு பிரூட்டுகளைக் காவலுக்கு வைக்கிறார்கள், உள்ளுக்குள்ளேயே வெட்டிக்கொள்கிறார்கள். தலைநகருக்குள் ஃப்ளட் நுழைந்து கருணையின்மேல் பாய்கிறது. உதவப் போன டார்ட்டரஸை உண்மை தடுக்கிறார். மகா பயணம் யாருக்காகவும் காத்திருக்காதாம். அந்த அறையில் கூட இருந்த கிழவரையே அப்படி விட்டுவிட்டு நடந்துபோகிறார், குரல்கூட உயரவில்லை. ஹேலோ 3-ல் இவரை முழங்கிப் பேசும் பிரசங்கியாக மாற்றிவிட்டார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை. இரண்டாம் பாகத்தில் தாழ்ந்த குரலில் பேசுகிறவரிடம்தான் பயம் வருகிறது.

கடைசிக் காட்சியை மட்டும் இரண்டு தடவை பார். இன்னொரு வளையத்தின் கட்டுப்பாட்டு அறை. மகா பயணத்தைத் தொடங்கச் சாவி வேண்டும், அந்தச் சாவியை ஒரு மனிதக் கைதான் பொருத்த முடியும். புனிதத்துக்கே இழுக்கு என்று 27 வருடம் எரித்த இனத்தின் கை. மிராண்டா கீஸ் என்ற அதிகாரியின் கையை டார்ட்டரஸ் வலுக்கட்டாயமாகப் பிடித்து அழுத்துகிறான். அதற்குச் சற்று முன்னால்தான் ஆர்பிட்டர் ஸ்பார்க்கின் பக்கம் திரும்பி, அன்றைக்குக் கேட்காமல் விட்ட கேள்வியைக் கேட்கிறார். வளையங்கள் எதற்கு? பதில் வருகிறது. அவர் அத்தோடு நிறுத்தவில்லை. அவற்றைச் செய்தவர்கள் என்ன ஆனார்கள் என்றும் கேட்கிறார். டார்ட்டரஸும் பக்கத்தில் நின்று அதே பதிலை அதே காதால் கேட்கிறான். ஆனாலும் அவன் கை அந்தச் சாவியை விடவில்லை.

தீபாவளி லீவுக்கு நீ வரும்போது இரண்டாம் பாகத்தை முதலிலிருந்து தொடங்கலாம், ஒரு காட்சியையும் தாண்டக் கூடாது. அப்புறம் ஹேலோ 3. அதில் இரண்டு பேர் சேர்ந்து ஆடினால் இரண்டாவது கண்ட்ரோலரை எடுப்பவர்தான் ஆர்பிட்டர். அதை உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா