ராஜா இல்லாத சரித்திரக் கதைக்கு நன்கொடை வேண்டுகிறோம்

அன்புடையீர்,

வணக்கம். சீனாவின் தென்கிழக்குக் கரையில் குவான்சோ என்றொரு துறைமுக நகரம் இருக்கிறது. அந்தக் காலத்து அரபு வணிகர்கள் அதை ஸைத்தூன் என்று அழைத்தார்கள். 1956இல் அங்கே ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. அதில் உள்ள காலம் சக ஆண்டு 1203, சித்திரை மாதம், அதாவது கி.பி. 1281. சம்பந்தப் பெருமாள் என்பவர் அந்த ஊரில் சிவபெருமானை எழுந்தருளச் செய்தார் என்று அது சொல்கிறது. 'செகசை கான்' நலமாக இருக்க வேண்டும் என்பதற்காக, அந்தக் கானின் 'பர்மான்'படி, அதாவது அரசாணைப்படி. அவர் அப்போது சீனாவை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்லாய் கான்தான் என்பது அறிஞர்களின் கருத்து. தமிழ் வரிகள் முடிந்த இடத்தில், கீழே ஒரு சீன வரி.

இந்தக் கல்லின் படத்தை எங்கள் குழுவில் ஒருவர் கொண்டுவந்து காட்டிய அன்று எழுந்த கேள்விதான் எல்லாவற்றுக்கும் காரணம். இந்தக் கல்லை வெட்டிய கை யாருடையது? தமிழ் தெரிந்த ஒரு கல்தச்சர் உளியையும் சுத்தியலையும் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறிப் போனாரா? அல்லது ஓர் எழுத்துகூடப் புரியாத சீனத் தச்சர், ஓலையைப் பார்த்துப் பார்த்து, கோலம் போடுவதுபோல நம் எழுத்தை வெட்டினாரா? அப்படியென்றால் பக்கத்தில் உட்கார்ந்து "இந்தச் சுழி இன்னும் கொஞ்சம் வளைய வேண்டும்" என்று சொன்னது யார்?

நாங்கள் சொல்கிறோம், அது ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் என்று. அவனுடைய கதையைப் பத்து முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான சாகச நாவலாக எழுதி முடித்துவிட்டோம். அதை அச்சிடத்தான் இந்த வேண்டுகோள்.

தமிழில் சரித்திரக் கதைகளுக்குப் பஞ்சம் இல்லை. வாரப் பத்திரிகைகளில் தொடராக வந்து, வீட்டில் யார் முதலில் படிப்பது என்று சண்டை மூட்டிய கதைகள் நம்மிடம் உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பெரியவர்களுக்கானவை. அரியணை யாருக்கு, இளவரசி யாருக்கு என்ற இரண்டு கேள்விகளைச் சுற்றியே குதிரைகள் ஓடும். பிள்ளைகளுக்கென்று சுருக்கிக் கொடுத்தாலும் நாயகன் இளவரசனாகத்தான் இருப்பான். எங்கள் நாவலில் அரசர்கள் எல்லோரும் தொலைவில் இருக்கிறார்கள். பாண்டிய நாட்டை முதலாம் மாறவர்மன் குலசேகரன் ஆள்கிறார். நாவல் முழுவதும் அவருக்கு ஒரு வசனம்கூடக் கிடையாது. கப்பலில் தண்ணீர்ப் பானை உடையாமல் பார்த்துக்கொள்பவன்தான் எங்கள் நாயகன்.

அப்படியானால் சாகசத்துக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். காற்று போதும். தென்மேற்குப் பருவக்காற்றில் கிழக்கே போன கலம், வடகிழக்குக் காற்று எழும்வரை திரும்ப முடியாது. ஊரிலிருந்து கெட்ட செய்தி வந்தால்கூடக் கரையில் உட்கார்ந்து மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். முதலாம் ராஜராஜன் சீனாவுக்கு அனுப்பிய தூதுக்குழு 1015இல் அங்கே ஆண்ட சோங் மரபினரின் அவைக்குப் போய்ச் சேர்ந்தபோது, புறப்பட்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அனுப்பிய அரசர் 1014இலேயே மறைந்துவிட்டார். இறந்துபோன அரசரின் முத்துகளைக் காணிக்கை வைத்து அவர் நலமாக இருக்கிறார் என்று சொல்லும் தூதரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இதைக் கதையில் ஒரு கிழ மாலுமி பையனுக்குச் சொல்கிறார். அவர் சொல்லும் இடத்தைப் படித்துவிட்டு எங்கள் நூலகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தூசி என்றார்.

கதையின் கலம் நாகப்பட்டினத்தில் புறப்படுகிறது. நிக்கோபார் தீவுகளை, முதலாம் ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி சொல்லும் 'மாநக்கவாரம்' என்ற பெயரிலேயே கடக்கிறது. சுமத்ராவின் மேற்குக் கரையில் கற்பூரத்துக்குப் பேர்போன பரூஸ் துறைமுகத்தில் ஒதுங்குகிறது. அங்கே 1088இல் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் நிறுத்திய தமிழ்க் கல்வெட்டு உண்டு. துறைக்கு வரும் கப்பல்காரர்கள் கட்டணத்தைக் கஸ்தூரியின் விலையை அளவாக வைத்துப் பொன்னாகச் செலுத்த வேண்டும் என்கிறது அது. எங்கள் பையன் அதன் முன்னால் நின்று, இருநூறு வருடப் பழைய தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிறான். ஊரைவிட்டு இவ்வளவு தூரம் வந்தும் வரி கட்டச் சொல்லித் தமிழில் எழுதி வைத்திருக்கிறார்களே என்று கூட இருப்பவர்கள் சலித்துக்கொள்கிறார்கள்.

பெண் பிள்ளையைக் கப்பலில் ஏற்றுவதா என்று குழுவில் மூன்று கூட்டங்கள் சண்டை நடந்தது. ஏற்றினால் படிக்கிற சிறுமிகள் மகிழ்வார்கள், ஆனால் அந்தக் காலத்துக்குப் பொய்யாகிவிடுமோ என்ற பயம். கடைசியில் பையனின் அக்காளை நாகப்பட்டினத்திலேயே நிறுத்தினோம். வணிகர் வீட்டு ஓலைக் கணக்கில் ஒரு திருட்டை அவள் கண்டுபிடிக்கிறாள். நாவலின் பாதி அவளுடையது. சொல்லப்போனால் கடல் அத்தியாயங்களைவிடக் கணக்கு அத்தியாயங்கள்தான் பரபரப்பாக வந்திருக்கின்றன. இதை எழுதிய தோழியிடம் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். எதற்காக இவ்வளவு செலவு, கதை எழுதியாகிவிட்டதே என்று சில நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

முதல் வரைவில் கப்பல் சமையல்காரர் மீன் குழம்புக்கு மிளகாய் அரைத்தார். 1281இல் மிளகாய்க்கு எங்கே போவது? அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுக்கீசியர் வந்த பிறகு 16ஆம் நூற்றாண்டில்தான் நம் அடுப்பை எட்டியது. மிளகாயை எடுத்துவிட்டு மிளகைப் போட்டோம். அடுத்த பக்கத்தில் வணிகர் வறுத்த முந்திரி கொறித்துக்கொண்டிருந்தார். அதுவும் பிரேசிலிலிருந்து வந்தது. பிறகு சொற்கள். அக்காள் 'ஜன்னல்' வழியே எட்டிப்பார்த்து, 'அலமாரி'யின் 'சாவி'யை எடுத்தாள். மூன்றுமே போர்ச்சுக்கீசியச் சொற்கள். அவளைச் சாளரத்தின் வழியே பார்க்க வைத்து, பெட்டகத்தின் திறவுகோலைக் கையில் கொடுத்தோம். படிக்கத் தடங்கலாக இருக்குமோ என்று பயந்தோம். பிள்ளைகள் யாரும் தடுக்கி விழவில்லை.

படங்கள் இதைவிடத் தொல்லை. முதலில் வரைந்து வந்த மாதிரிப் படத்தில் கப்பல் தலைவர் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்திருந்தார். அந்தக் கருவி 1608இல்தான் ஐரோப்பாவில் வெளிவந்தது. பின்னால் ஒருவர் வட்டச் சக்கரத்தைத் திருப்பிக் கப்பலை ஓட்டிக்கொண்டிருந்தார். சினிமாவில் பார்த்த கொள்ளையர் கப்பல். ஓவியரைக் குறை சொல்ல முடியாது. 13ஆம் நூற்றாண்டு மரக்கலத்தைத் தேடிப் பார்த்து வரைய வேண்டுமென்றால் அவருக்கு நேரம் வேண்டும், நேரத்துக்குக் கூலி வேண்டும்.

நல்லவேளையாகப் பார்த்து வரைய ஒன்று இருக்கிறது. 1974இல் குவான்சோ துறைமுகச் சேற்றிலிருந்து ஒரு கப்பலைத் தோண்டி எடுத்தார்கள். 1270களில் மூழ்கியது. எஞ்சிய உடல் மட்டும் 24 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். உள்ளே 12 குறுக்குத் தடுப்புகள், 13 அறைகள். ஓர் அறையில் ஓட்டை விழுந்தாலும் மற்ற அறைகளுக்குத் தண்ணீர் போகாது. நறுமணக் கட்டைகளும் மிளகும் ஆமையோடும் சோழிகளும் அதில் இருந்தன. எங்கள் பையன் அந்த ஊரில் கால் வைப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு மூழ்கிய கப்பல்! பதினோராம் அத்தியாயத்தில் அவன் ஒளிந்துகொள்வது இப்படி ஓர் அறையில்தான். அதன் குறுக்குவெட்டுப் படம் இரண்டு பக்கங்களில் விரிந்து வர வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறோம். நம் பக்கத்துக் கலத்தையோ, இரும்பு ஆணி இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டியதாகக் காட்டுகிறோம். அந்தத் தையலை எப்படி வரைய வேண்டும் என்று எங்கள் குழுவில் படகு கட்டும் குடும்பத்தில் பிறந்தவர் ஓவியரின் அருகில் அமர்ந்து தேங்காய் நார்க் கயிற்றைக் கையிலேயே முடிந்து காட்டினார்.

செலவு விவரம் இது. 24 கோட்டோவியங்களுக்கு ஒன்றுக்கு 2,500 ரூபாய் வீதம் 60,000. அட்டைக்கும் மடித்து வைக்கும் கடல் வரைபடத்துக்கும் சேர்த்து 25,000. செம்மையாக்கமும் மெய்ப்புத் திருத்தமும் 25,000. 176 பக்க நூல் 2,000 படிகள் அச்சிட, படிக்கு 85 ரூபாய் வீதம் 1,70,000. அதில் 500 படிகளை அரசுப் பள்ளி நூலகங்களுக்கு இலவசமாக அனுப்பப் போகிறோம். கட்டி அனுப்பும் செலவு 30,000. ஆக மொத்தம் 3,10,000 ரூபாய். குழுவினர் எங்கள் கையிலிருந்து போட்டது 85,000. இன்னும் வேண்டியது 2,25,000.

எழுதியவர் பணம் எதுவும் வாங்கவில்லை. ஓவியருக்கும் மெய்ப்புத் திருத்துபவருக்கும் அப்படி இருக்கச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. குழந்தைகளுக்கான நூல் என்றாலே படம் வரைபவர் 'சேவையாக' வரைந்து தர வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. அது எங்களுக்குப் பிடிக்கவில்லை.

படியின் விலை 120 ரூபாய் என்று வைத்திருக்கிறோம். விற்று வரும் பணம் அடுத்த நூலுக்கு முதலாகும். தாய்லாந்தின் தென்பகுதியில் பழைய துறைமுகம் ஒன்றில், தமிழ் பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று பெயர் பொறித்த பொற்கொல்லரின் உரைகல் கிடைத்திருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் கல். அது யார் கையிலிருந்து எப்படித் தொலைந்தது என்பதுதான் அடுத்த கதை. முதல் நூல் வெளிவராமல் அதைத் தொட மாட்டோம்.

கேட்ட தொகை முழுவதும் சேராவிட்டால் என்ன செய்வீர்கள் என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 2,000 படிகளை 1,000 ஆக்குவோம். பள்ளிகளுக்குப் போகும் 500இல் கை வைக்க மாட்டோம். ஓவியங்களையும் குறைக்க மாட்டோம். வரைபடத்தை மடிப்புத் தாளில் தராமல் அட்டையின் உட்பக்கத்தில் அச்சிடுவோம், மனம் கசந்துகொண்டுதான். தொகை அதிகமாகச் சேர்ந்தால் அதற்கேற்ப இன்னும் சில பள்ளிகளுக்கு நூல் போகும்.

நாங்கள் பதிவு பெற்ற அறக்கட்டளை அல்ல. ஆகவே உங்கள் நன்கொடைக்கு வருமான வரி விலக்கு கிடைக்காது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற அன்பர்களிடமிருந்து நன்கொடை பெறவும் எங்களுக்கு அனுமதி இல்லை; அவர்கள் நூல் வெளிவந்ததும் படிகள் வாங்கித் தெரிந்த பிள்ளைகளுக்குக் கொடுத்தால் மகிழ்வோம். 10 ரூபாய் தந்தாலும் ரசீது உண்டு. 500 ரூபாயும் அதற்கு மேலும் தருபவர்களுக்கு நூலின் ஒரு படி வீடு வந்து சேரும். தொகை எதுவானாலும், விரும்புபவர்கள் பெயர் கடைசிப் பக்கத்தில் அகர வரிசையில் இடம்பெறும். யார் எவ்வளவு தந்தார் என்று போட மாட்டோம். வரவு செலவுக் கணக்கு, அச்சக ரசீதின் நகலோடு, தந்தவர் எல்லோருக்கும் அனுப்பப்படும். இந்தக் கடிதத்தை உங்களிடம் சேர்த்த குழு உறுப்பினரிடமே பணத்தைக் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளலாம்.

பணம் தர இயலாதவர்களிடமும் கேட்க ஒன்று இருக்கிறது. சோழகம், கச்சான், வாடை, கொண்டல் என்று காற்றுகளின் பெயர்களை மீனவர்களிடம் கேட்டுச் சேர்த்திருக்கிறோம். பாய் கட்டுவது, கயிறு முடிவது, மேகம் பார்ப்பது பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்த சொற்கள் இருந்தால் எழுதிக் கொடுங்கள். நூலின் பின்னால் சிறு சொற்பட்டியல் ஒன்று சேர்க்கிறோம், அதில் இன்னும் இடம் இருக்கிறது.

தை மாத முடிவுக்குள் தொகை கைக்கு வந்தால் சித்திரையில் நூல் வந்துவிடும். அந்தக் கல் வெட்டப்பட்டதும் சித்திரைதான் என்பதால் எங்களுக்கு அதில் ஓர் ஆசை.

பள்ளிப் பிள்ளைகளிடம் வரைவை இரண்டு முறை வாசித்துக் காட்டினோம். முதல் முறை முதல் அத்தியாயத்திலேயே கொட்டாவி. நாங்கள் கதையை விட்டுவிட்டுப் பாடம் நடத்தியிருந்தோம். நாற்பது பக்கங்களைக் கிழித்தோம். இரண்டாம் முறை கேள்விகள் வந்தன. கப்பலில் ஒன்றுக்குப் போவது எங்கே என்பதுதான் முதல் கேள்வி. பதிலை மூன்றாம் அத்தியாயத்தில் சேர்த்துவிட்டோம். அறைக்குள் ஒளிந்த பையன் வெளியே வந்தானா என்று ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். புத்தகம் வரட்டும், நீயே படித்துக்கொள் என்று சொல்லிவிட்டு வந்தோம். எங்களில் யாரைத் தெருவில் பார்த்தாலும் வழிமறித்து அதையே கேட்கிறாள்.

நன்றியுடன்,
நூல் குழுவின் சார்பில்
செயலாளர்