இங்கே ஃபீஸ் கிடையாது, அண்ணா

ஸ்டேட்டன் ஐலண்ட்,
நியூயார்க்.

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் நலம்தானே? ஏற்காட்டுக்கு போன் போட்டால் பாதிப் பேச்சில் சிக்னல் போய்விடுகிறது. மீதிப் பாதியை உங்கள் சின்னவன் பிடுங்கிக்கொள்கிறான். விஷயத்தை முழுதாகச் சொல்ல வேண்டுமென்றால் எழுதித்தான் ஆக வேண்டும்.

வாரா வாரம் எங்கே கிளம்பிப் போகிறாய், ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டீர்கள். லைப்ரரியில் கம்ப்யூட்டர் கிளாஸ், ஃபீஸ் கிடையாது என்றேன். "அங்கேயும் எலெக்‌ஷன் வருதா?" என்று சிரித்தீர்கள். அண்ணியும் பின்னாலிருந்து சிரித்தது கேட்டது. சரி, சிரியுங்கள். ஆனால் பெரியவளை ஏதோ கம்ப்யூட்டர் சென்டரில் சேர்க்க மொத்தமாகப் பணம் கட்டப் போவதாகச் சொன்னீர்கள் அல்லவா, அதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் தீவில் படகு ஏறும் துறைக்குப் பக்கத்திலேயே ஒரு கிளை நூலகம் இருக்கிறது. 1907-ல் கட்டியது. ஆண்ட்ரூ கார்னகி என்ற இரும்பு முதலாளி 1901-ல் நியூயார்க் நகரம் முழுக்க நூலகம் கட்ட 52 லட்சம் டாலர் கொடுத்தாராம். இடமும் பராமரிப்புச் செலவும் நகராட்சியுடையது என்று ஒப்பந்தம். அப்படி எழுந்த 67 கட்டடங்களில் இதுவும் ஒன்று. முகவரிக்கு ஒரு சான்றும் போட்டோ உள்ள அடையாள அட்டையும் காட்டினேன், உறுப்பினர் அட்டை கையில் கொடுத்துவிட்டார்கள். காப்புத் தொகை இல்லை, சந்தா இல்லை. புத்தகத்தைத் தாமதமாகக் கொடுத்தால் போடும் அபராதத்தையும் 2021-ல் எடுத்துவிட்டார்கள்.

கிளாஸ் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு அறை, பத்துப் பன்னிரண்டு லேப்டாப், முன்னால் ஒரு திரை. பெயரைப் பதிந்துவிட்டுப் போய் உட்கார வேண்டியதுதான். மவுஸ் பிடிப்பதில் தொடங்கி மின்னஞ்சல், வேர்ட், எக்செல் என்று ஏறிக்கொண்டே போய் புரோகிராம் எழுதுவது வரைக்கும் தனித்தனி வகுப்பு. வருகிறவர்களைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். என் பக்கத்தில் உட்காருகிறவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். அந்தப் பக்கம் மெக்சிகோக்கார அம்மா ஒருத்தி, பையனின் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் மெயிலைத் தானே திறந்து படிக்க வேண்டும் என்பதற்காக வருகிறாள். பின் வரிசையில் ஒரு இலங்கைத் தமிழ் ஐயா. நான் கறிவேப்பிலை வாங்கும் கடையிலும் அவரைப் பார்ப்பேன். "பிள்ளை, இந்தப் பட்டனை அமத்தினா என்ன வரும்?" என்று மெதுவாகக் கேட்பார். கேட்டதையே மூன்றாவது தடவை கேட்டாலும் சொல்லித் தருகிறவர் முகம் சுளிப்பதில்லை. நம் ஊரில் டீச்சர் திரும்பிப் பார்த்தாலே கேள்வி தொண்டைக்குள் போய்விடுமே, அதெல்லாம் இங்கே இல்லை.

அப்பா என்னை அஸ்தம்பட்டியில் சித்தி வீட்டில் தங்கவைத்து டைப்ரைட்டிங் லோயர் முடிக்க வைத்தாரே, அது வீண் போகவில்லை. முதல் நாளே கீபோர்டைப் பார்க்காமல் நான் அடிப்பதைப் பார்த்து டிரைவர் தாத்தா தன் வேலையை விட்டுவிட்டு என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்" என்று பக்கம் பக்கமாக அடித்தபோது எவ்வளவு எரிச்சலாக இருந்தது!

எக்செல் பற்றி நீளமாக எழுதப் போவதில்லை. காப்பிப் பழம் பறிக்கிற கூலி, உரம், மிளகு விற்ற கணக்கு எல்லாவற்றையும் நீங்கள் டைரியில் எழுதி வருஷக் கடைசியில் கூட்டிக்கொண்டு உட்காருவீர்களே, அதை ஒரே தாளில் போட்டு எந்த மாதம் எவ்வளவு போனது என்று உடனே பார்க்கலாம். ஒரு மாதிரித் தாள் செய்து பெரியவளுக்கு அனுப்பியிருக்கிறேன். அவள் காட்டுவாள்.

என்னை நிஜமாகவே பிடித்து இழுத்தது வேறு வகுப்பு. இதற்குத் தீவிலிருந்து மன்ஹாட்டனுக்குப் போக வேண்டும். படகுக்குக் காசு கிடையாது (சிரிக்காதீர்கள்), சுமார் 25 நிமிடப் பயணம், வழியில் சுதந்திர தேவி சிலை. பிறகு சுரங்க ரயில் ஏறி 42-ஆம் தெருவில் இறங்கினால் வாசலில் இரண்டு கல் சிங்கங்களோடு பெரிய நூலகம். 1911-ல் திறந்தது. மேலே உள்ள வாசிப்பு அறை மட்டும் ஏறக்குறைய 297 அடி நீளம், கூரை 52 அடி உயரம். அங்கே உள்ள ஆராய்ச்சிப் புத்தகங்களை வீட்டுக்குத் தர மாட்டார்கள். சீட்டுப் போட்டு வரவழைத்து அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டும். எப்படித் தேடுவது என்று சொல்லித் தரும் வகுப்புகளும் அங்கே இலவசம்தான்.

தேடுவதில் என்ன இருக்கிறது, கூகுளில் போட்டால் வரப்போகிறது என்றுதான் நானும் போனேன். இரண்டு மூன்று சொற்களைச் சேர்த்தே தேட வேண்டுமென்றால் மேற்கோள் குறிக்குள் போடு, வேண்டாததை முன்னால் கழித்தல் குறி போட்டுத் தள்ளு, அரசாங்கத் தளத்தில் மட்டும் தேட இப்படி எழுது என்று முதல் அரை மணி நேரம் சில்லறை வித்தைகள். அதற்குப் பிறகுதான் விஷயம். ஒரு பக்கம் திறந்ததும் அதிலேயே முழுகிவிடாதே, இதை எழுதியவர் யார், மற்றவர்கள் அவரைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று வேறு ஜன்னல்களைத் திறந்து பார் என்றார்கள். ஒரு புத்தகம் கிடைத்தால் அதன் அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு அதற்கு முந்திய புத்தகத்துக்குப் போ என்றார்கள். வாட்ஸப்பில் வருவதையெல்லாம் நம் மாமா அப்படியே அனுப்புகிறாரே, அவரை இங்கே ஒரு நாள் உட்கார வைக்க வேண்டும்.

ஆளுக்கொரு பொருள் எடுத்துத் தேடச் சொன்னார்கள். நான் நம் சேர்வராயன் மலையை எடுத்தேன். ஏற்காட்டுக்கே வெள்ளைக்காரன் எழுத்தில் மூன்று நான்கு எழுத்துக்கூட்டல் இருக்கிறது, எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தால்தான் பழைய தாள்கள் அகப்படும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன்தான் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்று அப்பா சொல்வாரே, அதைத் தேடிக்கொண்டே போய் 1883-ல் லெஃபானு எழுதிய சேலம் மாவட்டக் கையேட்டைப் பிடித்தேன். 1918-ல் ரிச்சர்ட்ஸ் எழுதிய கெஜட்டியரும், அதாவது அரசாங்கத்தின் மாவட்ட விவரப் புத்தகமும், கிடைத்தது. இரண்டும் கலெக்டர் ஆபீஸ் பார்வையில் எழுதியவை. துரைமார்கள் பெயரோடு வருகிறார்கள், பழம் பறித்தவர்கள் வெறும் கூலியாட்கள். இரண்டையும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் காசில்லாமல் படிக்கலாம் என்பதுதான் வேடிக்கை. அதற்காக நியூயார்க் வர வேண்டியதே இல்லை. பழைய தமிழ்ப் புத்தகங்களுக்கு நம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகமும் இருக்கிறது.

நான் எந்த ஊர் என்று வகுப்பெடுத்த அம்மா கேட்டார். மெட்ராஸ் பக்கம் என்றேன். "ரங்கநாதன் ஊரா!" என்றார். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், நூலகத்துக்கு ஐந்து விதிகள் என்று 1931-ல் எழுதியவர். இங்கே நூலகப் படிப்பு படிக்கிறவர்களுக்கு அவர் பாடமாம். எனக்குப் பெருமையாக இருந்தது. நம் பள்ளிக்கூடத்தில் ஒரு வரி சொல்லியிருந்தால் இன்னும் பெருமையாக இருந்திருக்கும்.

இப்போது உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். சும்மா கிடைப்பது உருப்படியாக இருக்காது என்றீர்கள். இது சும்மா இல்லை அண்ணா. நகராட்சி வரிப் பணத்தில் கொடுக்கிறது. 2023 கடைசியில் அந்தப் பணத்தைக் குறைத்தபோது ஞாயிற்றுக்கிழமை நூலகத்தைத் திறக்க முடியாமல் மூடினார்கள். ஜனங்கள் விடவில்லை, அடுத்த வருஷம் பணம் திரும்ப வந்தது. நீங்களும் இதே மாதிரிதான் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று தனியாக இருக்கும். 1948-ல் மெட்ராஸ் மாகாணத்தில் போட்ட சட்டத்திலிருந்து வருகிறது அது. வருஷா வருஷம் கட்டுகிறீர்கள், நூலகப் படியைக் கடைசியாக எப்போது மிதித்தீர்கள்?

அதனால் பெரியவளை ஒரு நாள் சேலம் மாவட்ட மைய நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கம்ப்யூட்டர் இருக்கிறதா, சொல்லித் தர ஆள் உண்டா, எந்த நாள் என்று வாய் திறந்து கேட்கச் சொல்லுங்கள். இல்லை என்றால் ஏன் இல்லை என்றும் கேட்கட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று அவளுக்குப் பதிலாகப் பேசாதீர்கள். அதற்குப் பிறகும் சென்டர்தான் வேண்டும் என்றால் மாதா மாதம் கட்டுங்கள், மொத்தமாகக் கொடுக்காதீர்கள். சர்டிபிகேட் யார் கொடுக்கிறார்கள், அதை வேலைக்கு எடுக்கிறவன் மதிப்பானா என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள். எக்செல்லை நானே ஞாயிறு காலையில் வீடியோவில் சொல்லித் தருகிறேன். உங்களுக்கு அது மாலை நேரம், அவளுக்கும் சௌகரியம்.

இன்னொன்று. அப்பா எஸ்டேட் ரைட்டராக இருந்தபோது வீட்டுக்குக் கொண்டுவந்து பிரதி எழுதிய செக்ரோல் நோட்டுகள், அதான் ஆட்களின் வருகையும் கூலியும் எழுதும் பதிவேடுகள், பரணில் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. அண்ணி சுத்தம் செய்கிறேன் என்று பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடப் போகிறார்கள். வேண்டாம். கெஜட்டியரில் பெயரில்லாமல் போனவர்கள் எல்லோரும் அந்த நோட்டில் பெயரோடு இருக்கிறார்கள், யார் எத்தனை நாள் வந்தார்கள், என்ன கூலி வாங்கினார்கள் என்று. பெரியவளிடம் சொல்லி, வெயில் விழும் திண்ணையில் வைத்து, நிழல் படாமல், ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அட்டையையும் எடுக்கட்டும், வருஷம் அதில்தான் இருக்கும்.

மாப்பிள்ளை உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். சித்தி யாராவது வருகிறவர்கள் கையில் தட்டுவடை கொடுத்தனுப்புகிறேன் என்றார். தட்டுவடை செட்டுக்கு நடுவில் வைக்கிற சட்னியை இங்கே நான் அரைத்துக்கொள்கிறேன், தட்டுவடை மட்டும் நொறுங்காமல் வந்தால் போதும் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அன்புத் தங்கை