“அத்த இங்க வைக்காதம்மா”: விமான நிலையச் சோதனை பற்றி ஒரு திறந்த மடல்

பெறுநர்: தலைமை இயக்குநர், சிவில் விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம், புது தில்லி

மதிப்பிற்குரிய தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னை மண்ணடியில் ஒரு டிராவல்ஸ் கடையில் பதினெட்டு வருஷமாக டிக்கெட் போட்டுக்கொண்டிருக்கிறேன். கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மாடிப்படிக்குக் கீழே இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஐந்து பிளாஸ்டிக் நாற்காலி, அவ்வளவுதான். துபாய்க்கு வெல்டிங் வேலைக்குப் போகும் திருவொற்றியூர்த் தம்பிகள், உம்ரா கிளம்பும் ராயபுரத்து பாய்மார், கோலாலம்பூருக்குத் துணி எடுத்துப் போய் வருகிறவர்கள், பேரனைப் பார்க்க முதல் தடவையாக விமானம் ஏறும் தண்டையார்பேட்டை ஆயாக்கள் எல்லாரும் அந்த நாற்காலிகளில்தான் உட்கார்ந்து எழுந்திருக்கிறார்கள்.

டிக்கெட்டைக் கையில் கொடுத்த பிறகு எனக்கு இன்னொரு வேலை உண்டு. அதற்குக் காசு கிடையாது. தாலிக்கயிற்றில் கொத்தாக மாட்டியிருக்கும் ஊக்கை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள் அக்கா, இல்லாவிட்டால் அங்கே கத்தும். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்கவேண்டும். கருவாட்டை ஐந்து சுற்றுச் சுற்றிப் பெரிய பெட்டியில் போடுங்கள். இன்சுலினை மட்டும் பெட்டியில் போட்டுவிடாதீர்கள், மேலே போனால் குளிரில் உறைந்து கெட்டுவிடலாம். டாக்டர் சீட்டோடு கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். காலில் ராடு இருந்தால் டிஸ்சார்ஜ் பேப்பரை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். (கன்டெய்னர் லாரி இடித்து ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ராடு வைத்துக்கொண்டவர்களை எங்கள் பக்கத்தில் தேட வேண்டியதில்லை. எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒருவராவது தாங்கித் தாங்கி நடந்து வருவார்.)

ஊருக்கெல்லாம் சொல்லி அனுப்பிய நான், என் சொந்த அம்மாவுக்குச் சொல்லவேண்டிய ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. காசிமேட்டில் முப்பது வருஷம் மீன்கூடை சுமந்தவள். மூன்று வருஷத்துக்கு முன் இதயத் துடிப்பு தடுமாறி, பேஸ்மேக்கர் வைத்தார்கள். இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே, தீப்பெட்டியைத் தோலுக்குள் வைத்துத் தைத்தமாதிரி ஒரு மேடு. அதற்கான அட்டையை ரேஷன் கார்டோடு ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருக்கிறாள். போன வருஷம் மஸ்கட்டில் இருக்கும் என் தம்பி வீட்டுக்குக் கிளம்பினாள். விலை குறைவு என்று, வழியில் விமானம் மாறுகிற டிக்கெட்டாக நான்தான் போட்டேன். மாறிய ஊர் எது என்று இங்கே எழுதவில்லை. அன்று பணியில் இருந்த பெண்ணைத் தேடிப்பிடிக்க வைப்பது என் நோக்கம் இல்லை.

திரை மறைப்புக்குள் சின்ன மேடைமேல் ஏற்றி, கையை விரிக்கச் சொல்லி, கைக்கருவியால் தடவியிருக்கிறார்கள். நெஞ்சருகே வந்ததும் அது கத்தியது. உள்ளே இருப்பது உலோகம், கத்தத்தான் செய்யும். கத்திய இடத்திலேயே கருவியை நிறுத்தி, எடுத்து, மறுபடி வைத்துப் பார்த்திருக்கிறாள் அந்தப் பெண். அம்மா உள்ளங்கையால் அந்த மேட்டைப் பொத்திக்கொண்டு, “நெஞ்சுல மிஷினு கீதும்மா, அத்த இங்க வைக்காதம்மா” என்றிருக்கிறாள். பொத்தியதுதான் வினையாகிவிட்டது. எதையோ மறைக்கிறாள் என்று இன்னொருவரைக் கூப்பிட்டார்கள். ரவிக்கைக் கொக்கியைக் கழற்றச் சொன்னார்கள். அட்டை இருந்த பை எக்ஸ்ரே பெல்ட்டில் போய் அந்தப் பக்கம் கிடந்தது. போய் எடுத்துவர விடவில்லை. இருபது நிமிஷம். அவர்கள் பேசிய இந்தி அம்மாவுக்குப் புரியவில்லை, அம்மாவின் தமிழ் அவர்களுக்குப் புரியவில்லை.

உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை, அதையும் சொல்லிவிடவேண்டும். அம்மாவுக்கு பேஸ்மேக்கர் வைத்த டாக்டர் பிறகு எனக்கு விளக்கினார். உலோகம் கண்டுபிடிக்கும் வாசலுக்குள் நிற்காமல், சாயாமல் நடந்துபோனால் பயமில்லை. கைக்கருவியை மட்டும் பேஸ்மேக்கர்மேல் நிறுத்திவைக்கக் கூடாது, அதில் இருக்கும் காந்தப்புலம் தொந்தரவு செய்யலாம். அட்டையைக் காட்டி, கையால் தடவிச் சோதியுங்கள் என்று கேட்டால் போதும், என்றார்.

கேட்டால் போதும். கேட்கலாம் என்பதே அம்மாவுக்குத் தெரியாது. பதினெட்டு வருஷம் டிக்கெட் போட்ட எனக்கும் அன்றுவரை தெரியாது. இந்த மடலே அதற்காகத்தான்.

சோதனையே வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை நான். 1984 ஆகஸ்ட் 2-ஆம் தேதி ராத்திரி மீனம்பாக்கம் விமான நிலையத்தில் குண்டு வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்துப்போனதை எங்கள் வீட்டில் இன்னும் பேசுவார்கள். மறு வருஷம் ஜூனில் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் கடல்மேல் வெடித்துச் சிதறி 329 பேர் போனார்கள். அதற்குப் பிறகுதான், 1987-இல், உங்கள் பணியகமே தனித் துறையானது. 1999 டிசம்பரில் காத்மாண்டுவில் கிளம்பிய விமானம் கந்தகாருக்குக் கடத்தப்பட்டது. அடுத்த வருஷமே ஜெய்ப்பூரில் தொடங்கி, மத்திய தொழிற்பாதுகாப்புப் படை விமான நிலையங்களுக்குள் வந்தது. வந்ததில் தப்பே இல்லை.

ஆனால் மீனம்பாக்கத்திலும் கனிஷ்காவிலும் நடந்தது என்ன என்று ஒருமுறை பாருங்கள். இரண்டிலும் பெட்டியைக் கொடுத்தவன் விமானம் ஏறவில்லை. ஆள் இல்லாத பெட்டி. அதனால் வந்த முக்கியமான பாடம், ஏறாத ஆளின் பெட்டியை இறக்கு என்பது. இன்றைக்கும் கடைசி நேரத்தில் ஒருவர் வராமல் போனால் பெட்டியைத் தேடி இறக்கிவிட்டுத்தான் விமானம் நகர்கிறது. தாமதமாகிறது, திட்டுகிறோம், ஆனால் யார் மானமும் போவதில்லை. பாதுகாப்பைக் கூட்டினால் மரியாதை குறைந்துதான் தீரும் என்று பேசுகிறவர்களிடம் இதைத்தான் நான் சொல்வேன்.

இன்னொன்றும் உண்டு. 2001-இல் ஒருவன் ஷூவுக்குள் வெடிமருந்து வைத்தான், ஷூவைக் கழற்று என்றார்கள். 2006-இல் லண்டனில் திரவ வெடிகுண்டுச் சதி பிடிபட்டது, நூறு மில்லிக்கு மேல் தண்ணீர்கூடக் கூடாது என்றார்கள். 2009 கிறிஸ்துமஸ் அன்று ஒருவன் உள்ளாடைக்குள் வைத்தான், உடல் முழுக்க ஸ்கேன் செய் என்றார்கள். விதி ஏறிக்கொண்டே போகிறது. ஏறியதை இறக்க யாருக்கும் மனசு வருவதில்லை. அமெரிக்காவே ஷூ கழற்றும் விதியை 2025 ஜூலையில்தான் கைவிட்டது.

இப்போது நம் ஊருக்கும் உடல் ஸ்கேனர் வருகிறது. 84 விமான நிலையங்களில் 2020 மார்ச்சுக்குள் வைத்துவிடவேண்டும் என்று 2019-இல் நீங்கள் உத்தரவு போட்டீர்கள். சொன்ன தேதியில் நடக்கவில்லை. ஒருவகையில் நல்லதுதான், யோசிக்க நேரம் கிடைத்திருக்கிறது.

கடையில் இதைப் பற்றி வரும் முதல் கேள்வி கதிர்வீச்சுதான். வயிற்றில் பிள்ளையோடு போகலாமா என்பார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்: ஸ்கேனரில் இரண்டு வகை இருந்தது. ஒன்று மெல்லிய எக்ஸ்ரேயை உடம்பில் பட்டுத் திரும்பச் செய்து படம் பிடிப்பது. மற்றது மில்லிமீட்டர் அலை, எக்ஸ்ரேயைப்போல உடம்பின் அணுக்களைக் கலைக்கிற கதிர் அதில் இல்லை. முதல் வகையிலும் அளவு மிகக் கொஞ்சம்தான். விமானத்தில் ஒரு மணி நேரம் உயரத்தில் பறந்தால் வாங்கும் அண்டக்கதிர் அதைவிடப் பல மடங்கு. அப்படியும் 2011-இல் ஐரோப்பிய ஒன்றியம் எக்ஸ்ரே வகையை அனுமதிக்காமல் விட்டது. வேறு வழி இருக்கும்போது கொஞ்சமானாலும் எதற்கு என்பதுதான் கணக்கு. அமெரிக்கா 2013-இல் அதை அகற்றியது வேறு காரணத்துக்காக: அந்த இயந்திரம் கிட்டத்தட்ட அம்மணமாகவே படம் காட்டியது, அதை வெறும் கோட்டுருவமாக மாற்றிக் கொடுக்கக் கம்பெனியால் முடியவில்லை. (எண்ணூர் அனல்மின் நிலையங்களின் சாம்பலைச் சுவாசித்து வளர்ந்தவர்கள் ஒரு நொடி ஸ்கேனருக்குப் பயப்படுவது எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியது கடமை.)

மில்லிமீட்டர் அலை வகை என்றால் கதிர்வீச்சுப் பேச்சு முடிந்தது. உடம்பின் பேச்சு முடியவில்லை. மார்பகம் எடுத்துவிட்டு உள்ளே பஞ்சுப்பை வைத்திருக்கும் அக்காவை அந்த இயந்திரம் காட்டிக்கொடுக்கும். வயிற்றோடு மலப்பை ஒட்டியிருப்பவரைக் காட்டிக்கொடுக்கும். இன்சுலின் பம்ப் மாட்டியவர்கள் ஸ்கேனருக்குள் போகக் கூடாது என்று பம்ப் செய்யும் கம்பெனிகளே சில சொல்கின்றன. அமெரிக்காவில் அதிகாரி முதலில் ஆணா பெண்ணா என்று ஒரு பட்டனை அழுத்தி, அதற்குத் தக்கபடி இயந்திரம் சந்தேகப்படுவதுதான் பல வருஷம் நடந்தது. வியாசர்பாடியிலிருந்து ஒரு திருநங்கை வந்து நின்றால் எந்தப் பட்டன்? வாங்குவதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள், ஐயா. ஐரோப்பாவில் ஸ்கேனர் வேண்டாம், வேறுவிதமாகச் சோதியுங்கள் என்று பயணி சொல்லலாம், படத்தைச் சேமிக்கக் கூடாது, இரண்டும் 2011-இலேயே விதி. நமக்கும் அந்த இரண்டு வரி வேண்டும்.

விதியே இல்லை என்று நான் சொல்லவில்லை. சிறப்புத் தேவை உள்ளவர்களை, உடம்பில் கருவி உள்ளவர்களை எப்படிச் சோதிக்கவேண்டும் என்று 2014-இலேயே உங்கள் பணியகம் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அப்புறம் என்ன ஆயிற்று? 2021 அக்டோபரில் நடனக் கலைஞர் சுதா சந்திரன், ஒவ்வொரு தடவையும் செயற்கைக் காலைக் கழற்றச் சொல்கிறார்களே என்று வீடியோவில் கண்கலங்கிப் பேசினார். மத்திய தொழிற்பாதுகாப்புப் படை மன்னிப்புக் கேட்டது. அதே டிசம்பரில் உச்ச நீதிமன்றம், செயற்கை உறுப்பைக் கழற்றச் சொல்லக் கூடாது, மாற்றுத்திறனாளியைத் தூக்கிச் செல்வது மனிதத்தன்மையற்றது என்றது. நாடு முழுக்க முகம் தெரிந்தவருக்கே அந்தக் கதி. 2020 ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில், தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுங்கள் என்ற கனிமொழி எம்.பி.யிடம், நீங்கள் இந்தியரா என்று கேட்டார்களாம். அவரே எழுதினார், விசாரணை நடந்தது. எம்.பி. எழுதினால் விசாரணை வரும். மீன்காரம்மா யாரிடம் எழுதுவாள்?

முகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 டிசம்பரில் வந்த டிஜியாத்ரா, அதாவது முகத்தைக் கேமராவில் பார்த்தே ஆளை அடையாளம் கண்டு உள்ளே விடும் ஏற்பாடு, விருப்பப்பட்டால் மட்டும் என்கிறது அரசு. அதை நடத்துவது அரசுத் துறை அல்ல. விமான நிலையங்கள் சேர்ந்து 2019-இல் தொடங்கிய கம்பெனி. வேகமாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் என்னிடம் டிக்கெட் எடுத்த வண்ணாரப்பேட்டைப் பையன் ஒருவன், ஏதோ ஒரு வாசலில் “இங்கே பாருங்க” என்றார்கள், பார்த்தேன், உள்ளே விட்டார்கள், என்றான். டிஜியாத்ராவில் சேர்ந்தாயா என்றேன். அப்படியென்றால் என்ன என்றான். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்ன நாடு இது. சம்மதம் கேட்பதற்கு “இங்கே பாருங்க” போதாது.

நான் கேட்பது பெரிய செலவில்லை. ஒரு பலகை. கொட்டை எழுத்தில், அந்தந்த ஊர் மொழியில், சென்னையில் தமிழில். முக்கியமாக, பையை பெல்ட்டில் போடுவதற்கு முன்னால் கண்ணில் படும் இடத்தில். பேஸ்மேக்கர், பம்ப், செயற்கை உறுப்பு இருந்தால் அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், கையால் சோதிக்கச் சொல்லலாம், தனி அறை கேட்கலாம், துணைக்கு வந்தவரைக் கூட வைத்துக்கொள்ளலாம், முகம் காட்டாமல் ஆதாரைக் காட்டியும் போகலாம், குறை இருந்தால் இந்த எண். விம்கோ நகரில் ஏறினால் ஒரே மெட்ரோ ரயிலில் விமான நிலையம் வந்துவிடுகிறோம். மெட்ரோவிலும் பையை பெல்ட்டில் போட்டு, ஆளைத் தடவிப் பார்த்துத்தான் விடுகிறார்கள். அங்கே நிற்கும் பெண் “கையத் தூக்குக்கா” என்று தமிழில் சொல்வதால் யாரும் மிரண்டதில்லை. அதே மாதிரி ஒவ்வொரு ஷிப்டிலும் பெண்கள் மறைப்புக்குள் ஊர் மொழி தெரிந்த ஒருவராவது இருக்கவேண்டும். அந்தக் காவலர்களையும் நினைக்கிறேன். நாளெல்லாம் நின்றபடி, முகம் பார்க்கக்கூட நேரமில்லாமல், அடுத்து, அடுத்து. பலகை இருந்தால் அவர்களுக்கும் பாதி வேலை குறையும்.

தை பிறந்ததும் அம்மா மறுபடி மஸ்கட் போகிறாள். இந்தத் தடவை நேர் விமானம், நாலாயிரம் ரூபாய் அதிகம், போட்டுவிட்டேன். திரும்பி வரும்போது மாற்று விமானம்தான் கிடைத்தது. நேற்று அட்டையை லேமினேட் செய்யக் கொடுக்கும்முன், அதன் பின்பக்கம் இந்தியில் ஒரு வரி எழுதித் தரச்சொல்லி சௌகார்பேட்டை சேட்டுக் கடைப் பையனிடம் கொடுத்தாள். என்ன எழுதணும் ஆயா என்று கேட்டான். நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

இப்படிக்கு,
மண்ணடியில் டிக்கெட் போடும் ஒருத்தி
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை