'லைஃப் சைக்கிள்' ஒலிநாடாக்களை வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஜெர்மனியின் மியூனிக் நகரத்து ப்ராக்ரஸிவ் மெட்டல் (சிக்கலான தாளங்களில் ஓடும் மெட்டல் இசை) குழுவான சீஜஸ் ஈவனின் முதல் ஆல்பம் 'லைஃப் சைக்கிள்' 1988-இல் ஸ்டீம்ஹாமர் லேபிளில் வந்தது. அந்த லேபிளை நடத்திய எஸ்பிவி நிறுவனம் 2009-இல் திவால் நடவடிக்கைக்குப் போனது. கம்பெனிகள் இப்படி ஆட்டம் காணும்போது உரிமைகளும் கைமாறும். அதனால் பெயர் குறிப்பிடாமல், மூல ஒலிநாடாக்கள் இன்று யார் பொறுப்பில் இருக்கின்றனவோ அவர்களுக்கே எழுதுகிறேன். இந்த இசையைக் கேட்கிற தமிழ் நண்பர்களும் படிக்க வேண்டும் என்பதால் தமிழில்.

இந்த ஆல்பத்தை எப்போது மறுபடி வெளியிட்டாலும், பழைய மிக்ஸில், அதாவது குரலையும் ஒவ்வொரு வாத்தியத்தையும் எந்த அளவில் கலந்திருக்கிறார்களோ அதில், கை வைக்காதீர்கள். இதுதான் என் வேண்டுகோள்.

ஒலிப்பதிவு வறண்டிருக்கிறது, மெலிந்திருக்கிறது என்று குறை சொல்பவர்கள் உண்டு. உண்மைதான், இன்றைய மெட்டல் ஆல்பங்களின் கனம் இதில் இல்லை. ஆனால் அந்த மெலிவினால்தான் பேஸ் (அடிநாதம் தரும் பேஸ் கிதார்) கேட்கிறது. அதே 1988-இல் வந்த மெட்டாலிக்காவின் 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' ஆல்பத்தில் பேஸைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இங்கேயோ ஆலிவர் ஹோல்ஸ்வார்த்தின் பேஸ், மார்க்கஸ் ஸ்டெஃபெனின் கிதாருக்குச் சமமாக நின்று தன் வழியில் ஓடுகிறது. ஆலிவரும் டிரம்ஸ் வாசிக்கும் அலெக்ஸும் சகோதரர்கள். தாளம் ஐந்து, ஏழு என்று முறிந்து திரும்பும் இடங்களில் இந்த இரண்டு பேரும் எப்படிச் சேர்ந்து இறங்குகிறார்கள் என்று கேட்பதுதான் இந்த ஆல்பத்தின் பெரிய இன்பம். 'தி ரோட்ஸ் டு இலியட்' பாட்டை ஹெட்போனில் போட்டு, கிதாரை விட்டுவிட்டு பேஸையும் ஸ்னேரையும் (டிரம்ஸில் சுள்ளென்று ஒலிக்கும் சின்ன டிரம்) மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். பாடகர் ஃப்ரான்ஸ் ஹெர்டேயின் உச்சக்குரல் எல்லோருக்கும் பிடிக்காது, எனக்குப் பிடிக்கும்.

இந்த வகை இசைக்குப் பேர்போன அமெரிக்கக் குழு டிரீம் தியேட்டரின் முதல் ஆல்பம் வந்தது 1989-இல். அதற்கு முந்தைய வருடமே ஐரோப்பாவில் இப்படி வாசித்திருக்கிறார்கள் என்பதற்கு இந்த ஒலியே சாட்சி.

ரீமாஸ்டர் (பழைய ஒலிப்பதிவை மெருகேற்றுவது) என்ற பெயரில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். சத்தத்தைக் கூட்டுவதற்காக உச்சங்களை அமுக்குவார்கள். மெல்ல விழும் அடியும் ஓங்கி விழும் அடியும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். அப்புறம் 'டிரம்ஸ் பலவீனமாக இருக்கிறது' என்று யாராவது சொல்ல, ஒவ்வொரு அடிக்கும் புது சாம்பிளை (வேறெங்கோ பதிவு செய்த டிரம் ஒலியை) ஒட்டுவார்கள். அலெக்ஸ் இடையிடையே தட்டிச் செல்லும் சின்ன ஸ்னேர் அடிகள் அதோடு போய்விடும்.

வீண் பயம் இல்லை இது. மெட்டல் பாடகர் ஓஸி ஆஸ்போர்னின் முதல் இரண்டு தனி ஆல்பங்கள் 2002-இல் மறுபடி வந்தபோது, பாப் டெய்ஸ்லியின் பேஸையும் லீ கெர்ஸ்லேக்கின் டிரம்ஸையும் அழித்துவிட்டு வேறு ஆட்களை வாசிக்க வைத்திருந்தார்கள். ரசிகர்கள் கொதித்தார்கள். 2011 பதிப்பில்தான் பழைய வாசிப்பு திரும்பி வந்தது. மெகாடெத் என்ற மெட்டல் குழுவின் 'ரஸ்ட் இன் பீஸ்' 2004-இல் புது மிக்ஸில் வந்தது, சில இடங்களில் குரலே புதிதாகப் பாடப்பட்டிருந்தது. இத்தனைக்கும் அவை லட்சக்கணக்கில் விற்ற ஆல்பங்கள், பழைய பிரதி எங்கேயும் கிடைக்கும். 'லைஃப் சைக்கிள்' அப்படி இல்லை. ஒரு மோசமான பதிப்பு ஸ்ட்ரீமிங்கில் ஏறிவிட்டால், புதிதாகக் கேட்க வருபவருக்கு அதுதான் ஆல்பம்.

நாடாவைச் சுத்தம் செய்யுங்கள், இரைச்சலைக் குறையுங்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. புது மிக்ஸ் செய்தே ஆக வேண்டும் என்றால் அதைத் தனி டிஸ்க்காகக் கொடுங்கள். முதல் டிஸ்க்கில் 1988 மிக்ஸ் இருக்கட்டும். ஸ்ட்ரீமிங்கிலும் இரண்டும் தனித்தனியாக, எது எந்த வருடத்து மிக்ஸ் என்று குறிப்பிட்டு இருக்கட்டும்.

இப்படிக்கு,
சீஜஸ் ஈவன் ரசிகன்