கேன்டர்பரிக்குப் போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். கிறிஸ்துமஸ் விடுமுறையில் கேன்டர்பரிக்குப் போகிறாய் என்றும், அங்கே வெட்டுண்டு இறந்த பேராயர் தாமஸ் பெக்கெட்டைப் பற்றி நான் முன்பு சொன்னதில் பாதிதான் நினைவிருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால், நீ சாப்பிட்டாயா என்று உன் அம்மா இடையில் புகுந்துவிடுவாள், அதனால்தான் கடிதம்.

தாமஸ் பெக்கெட் பிறவிப் புனிதர் அல்லர். 1120-ஐ ஒட்டி இலண்டனின் சீப்சைடு தெருவில் நார்மன் வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்து, இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவரான கேன்டர்பரிப் பேராயர் தியோபால்டிடம் எழுத்தராகச் சேர்ந்து, அவருடைய பரிந்துரையால் 1155-இல் இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றியின் சான்சலர் ஆனார். அரச முத்திரையும் ஆவணங்களும் அவர் பொறுப்பில் இருந்தன, ஆடம்பரத்துக்கும் குறைவில்லை. 1158-இல் பாரிஸுக்குத் தூது சென்றபோது அவருடைய ஊர்வலத்தில் பீர் பீப்பாய்களை ஏற்றிய வண்டிகளும், குதிரை முதுகில் குரங்குகளும் போயின.

அரசருக்கும் அவருக்கும் இருந்த நெருக்கத்தைக் காட்ட, அவரிடம் பணிபுரிந்த வில்லியம் ஃபிட்ஸ்டீபன் எழுதிவைத்த ஒரு நிகழ்ச்சி போதும். குளிர்காலத்தில் இருவரும் இலண்டன் தெருவில் குதிரைமீது போகும்போது, கந்தலுடுத்திய ஒரு கிழவர் எதிரே வருகிறார். இவருக்குக் கனமான மேலாடை கொடுத்தால் எவ்வளவு பெரிய தருமம் என்று அரசர் கேட்க, ஆமாம், அரசராகிய நீங்கள்தான் அதைச் செய்ய வேண்டும் என்று பெக்கெட் சொல்ல, அந்தப் புண்ணியம் உனக்கே சேரட்டும் என்று அரசர் பெக்கெட்டின் தோளிலிருந்த புத்தம்புதிய மென்மயிர்ப் போர்வையைப் பிடித்து இழுக்கிறார். இருவரும் சேணத்திலிருந்து விழாத குறையாக மல்லுக்கட்டி, கடைசியில் போர்வை கிழவருக்குப் போய்ச் சேர்கிறது. பிற்பாடு நடந்ததைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த இழுபறிதான் முன்னால் வந்து நிற்கும்.

தியோபால்டு இறந்த பின் நண்பனையே பேராயராக்கினால் திருச்சபையும் தன் கைக்குள் இருக்கும் என்று ஹென்றி கணக்குப் போட்டார். 1162 ஜூன் 2-ஆம் நாள் பெக்கெட் குருவாகவும், மறுநாளே பேராயராகவும் திருநிலைப்படுத்தப்பட்டார். சில மாதங்களில் சான்சலர் பதவியை அவரே உதறியபோது அரசரின் கணக்கு பொய்த்தது.

சண்டையின் மூலகாரணம் உனக்குச் சற்று உறுத்தலாகவே இருக்கும், எனக்கும் அப்படித்தான். கொலை செய்தவர் திருச்சபை ஊழியராக இருந்தால் அவரை ஆயர் மன்றமே விசாரித்தது. அதிகபட்சத் தண்டனை பெரும்பாலும் பட்டம் பறிப்பதுதான். பட்டம் பறித்த பின் அரச மன்றம் தண்டிக்கட்டும் என்றார் ஹென்றி. ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனையா என்றார் பெக்கெட். இந்த வழக்கில் நான் நீதிபதியாக இருந்தால் அரசர் பக்கமே தீர்ப்பளித்திருப்பேன். ஆனால் 1164 ஜனவரியில் கிளாரண்டனில் ஹென்றி எழுத்தில் வைத்த 16 விதிகள் அதோடு நிற்கவில்லை. அரசர் அனுமதியின்றி ஆயர்கள் நாட்டைவிட்டுப் போகக்கூடாது, ரோமுக்கு மேல்முறையீடு செய்யக்கூடாது என்றும் அவை கூறின. பெக்கெட் அங்கே முதலில் பணிந்தார் என்பதை மறந்துவிடாதே. வாயால் சம்மதித்துவிட்டு, முத்திரையிட மறுத்து, தளர்ந்துபோனதற்குப் பரிகாரமாகச் சிறிது காலம் திருப்பலி நிறைவேற்றாமல் இருந்தார். எனக்கு அவர் நெருக்கமானது இந்த இடத்தில்தான்.

அக்டோபரில் நார்தாம்ப்டனில், சான்சலராக இருந்த காலத்துப் பணத்துக்கெல்லாம் கணக்குக் கேட்டு அவரை நெருக்கினார்கள். தம் சிலுவைக்கோலைத் தாமே ஏந்தி அவைக்குள் நுழைந்தவர், அன்றிரவே மாறுவேடத்தில் தப்பி, பிறகு கடல் கடந்தார். பிரான்சில் ஆறாண்டு வனவாசம். ஹென்றி அவருடைய உறவினர்களையும் ஊழியர்களையும் கூட்டம்கூட்டமாக நாடுகடத்தினார். பின்னால் பெக்கெட்டை வெட்டியவர்கள்மேல் இருப்பதைவிட, இந்தச் செயலுக்காக ஹென்றிமேல்தான் எனக்குக் கோபம் அதிகம்.

1170 ஜூனில், கேன்டர்பரிப் பேராயருக்கே உரிய முடிசூட்டும் உரிமையை மீறி, யார்க் பேராயரைக் கொண்டு ஹென்றி தம் மகனுக்கு முடிசூட்டினார். பிறகு ஏதோ ஒரு சமாதானம் ஏற்பட்டு, டிசம்பர் 1-ஆம் நாள் பெக்கெட் சாண்ட்விச்சில் கரையிறங்கினார். முடிசூட்டில் பங்கெடுத்த ஆயர்கள்மீது எடுத்த தண்டனையை அவர் திரும்பப் பெறவில்லை. பிரான்சின் நார்மண்டியில் இருந்தபடி இதைக் கேட்ட ஹென்றி, இழிகுலத்து எழுத்தன் ஒருவன் தம்மை அவமதிப்பதைத் தாம் வளர்த்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே என்று வெடித்தார். நான்கு வீரர்கள் உடனே புறப்பட்டார்கள்.

டிசம்பர் 29, கேன்டர்பரிப் பேராலயத்தில் மாலை வழிபாட்டு நேரம். துறவிகள் கதவைத் தாழிட்டபோது, கடவுளின் வீட்டைக் கோட்டையாக்கக்கூடாது என்று பெக்கெட் திறக்கச் செய்தார். துரோகி எங்கே என்று இருட்டில் குரல் கேட்டதும், துரோகி அல்ல, கடவுளின் குரு இங்கே இருக்கிறேன் என்று முன்னே வந்தார். சாந்தமாகவே கழுத்தை நீட்டினார் என்று எண்ணிவிடாதே. தம்மை வெளியே இழுக்க முயன்ற ரெஜினால்டு ஃபிட்ஸர்ஸை வசைமொழியால் திட்டித் தள்ளினார். முதல் வெட்டு, அவரைத் தாங்கிப் பிடித்திருந்த எட்வர்டு கிரிம் என்ற குருவின் கையையும் பிளந்தது. அந்தக் கிரிம் பிழைத்து, கண்டதை எழுதிவைத்தார். கடைசி வெட்டில் வாளின் முனை கல்தரையில் பட்டு முறிந்தது. உடலைக் கழுவ வந்தவர்கள் அங்கிகளுக்கு அடியில், உடலை வருத்திக்கொள்ள அணியும் மயிர்ச்சட்டை பேன் மொய்த்துக் கிடப்பதைக் கண்டார்கள். அதுவரை அவருடைய துறவை முழுதாக நம்பாத துறவிகளும் அப்போது அழுதார்கள்.

1173-இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். 1174 ஜூலை 12-ஆம் நாள் ஹென்றி வெறுங்காலோடு கேன்டர்பரித் தெருவில் நடந்து வந்து, கல்லறைமுன் முதுகைக் காட்டி, துறவிகள் ஆளுக்கு மூன்று அடி வீதம் கொடுத்த கசையடியை வாங்கிக்கொண்டு, இரவெல்லாம் உண்ணாமல் அங்கேயே கிடந்தார்.

நீ போகும்போது வடமேற்குப் பக்கத்தில் அவர் விழுந்த இடத்தைப் பார். பிறகு, திருப்பயணிகள் ஏறி ஏறிக் குழிந்த கற்படிகள் வழியாக மேலே போ. எட்டாம் ஹென்றி 1538-இல் அங்கிருந்த கல்லறைப் பேழையை அடியோடு அகற்றிவிட்டதால், வெறும் தரையில் ஒரு மெழுகுதிரி மட்டும் எரியும். அங்கே எங்களுக்காகவும் ஒரு நிமிடம் நில். கற்கோயில் டிசம்பரில் கடுங்குளிராக இருக்கும். சென்ற மாதம் அம்மா அனுப்பிய கம்பளிச் சால்வையை மறக்காமல் எடுத்துப் போ.

அன்புடன்,
அப்பா