நான்கு வாரம் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்

ஆசிரியருக்கு,

பள்ளி விளையாட்டு அணிகளிலிருந்து மாணவர்கள் ஒதுங்குவது பற்றிய தலையங்கம் படித்தேன். பயிற்சியாளர் ஊக்கம் தராவிட்டால் அணியில் சேராதிருப்பதே நல்லது என்ற அதன் முடிவு அவசரமானது. "உனக்கு இது சரிப்படாது" என்பது ஒரு மணி நேர ஆட்டத்தைப் பார்த்துச் சொல்லும் கணிப்பு. வளரும் வயதில் உயரமும் வேகமும் ஓராண்டிலேயே மாறிவிடும். 1978-இல், பின்னாளில் உலகப் புகழ்பெற்ற அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டானுக்கே பள்ளியின் முதன்மைக் கூடைப்பந்து அணியில் இடம் கிடைக்கவில்லை. (விரட்டிவிட்டார்கள் என்றே பலரும் கதை சொல்கிறார்கள், உண்மையில் இளையோர் அணியில் ஆடினார்.)

உயரம் போதாது என்று சொல்லப்பட்ட என் மகள், கைப்பந்து அணியில் முதல் பருவம் முழுக்கப் பந்து பொறுக்கினாள். சர்வீஸை எதிர்கொள்வதை மூத்த மாணவிகளிடம் கற்று, மறு ஆண்டு லிபரோவாக (பின்வரிசையில் நின்று தடுத்தாடும் வீராங்கனையாக) ஆடினாள். பயிற்சியாளர் கடைசிவரை பாராட்டவில்லை, அது வேறு விஷயம். இழிவுபடுத்தும் பயிற்சியாளரிடமிருந்து விலகுவதே சரி. கண்டிப்பும் இழிவும் ஒன்றல்ல. தேர்வு நாளன்றே நிராகரிக்காமல், விரும்பும் எவரையும் நான்கு வாரம் அணியுடன் பயிற்சி பெற விட்டு, அதன்பின் குறைகளைப் பயிற்சியாளர் எழுத்தில் தரும் முறையைப் பள்ளிகள் கொண்டுவரலாம்.

– ஒரு பெற்றோர்