தாளின் வெள்ளை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்தபோது எனக்கு இடது கண்ணில் புரை எடுத்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. வேளாவேளைக்குச் சொட்டு மருந்து, அடுப்பு பக்கம் போகவே கூடாது. அதனால்தான் பதில் தாமதம். இப்போது நன்றாகத் தெரிகிறது. வெள்ளை என்றால் அப்படியொரு வெள்ளை! இத்தனை வருஷம் எல்லாவற்றையும் மஞ்சள் படிந்துதான் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கண்ணோடு ஆசையாகப் பார்த்தது ஒரு நீர்வண்ண ஓவியம். பிரெஞ்சுப் பெண் ஓவியர் பெர்த் மொரிஸோ 1872இல் வரைந்தது; படத்தில் இருப்பது அவருடைய அக்கா எட்மாவும் எட்மாவின் சின்ன மகள் ழானும். வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. பேத்தி டேப்லெட்டில் பெரிதாக்கிக் காட்டினாள். அசல் ஒரு சாணைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அம்மாவும் குழந்தையும் சும்மா இருக்கிறார்கள், அவ்வளவுதான். வண்ணத்துக்கு அடியில் பென்சில் கோடு இருக்கிறது. எண்ணெய் வண்ணம் என்றால் சுரண்டிவிட்டு மறுபடி போடலாம். நீர்வண்ணத்தில் வெளிச்சம் வேண்டிய இடத்தில் தாளின் வெள்ளையையே விட்டுவிட்டு, கையை முன்கூட்டியே நிறுத்திக்கொள்ள வேண்டும். நீ சொல்லித்தந்ததுதான் இது.

அக்காவும் தங்கையும் சேர்ந்தே படம் கற்றவர்கள், இயற்கைக் காட்சி ஓவியர் கொரோவிடம்கூட. 1864இல் பாரிஸின் பெரிய ஓவியக் கண்காட்சியான சலோனில் இருவர் படமும் இடம்பெற்றது. தங்கை தூரிகையோடு நிற்பதை எட்மா வரைந்திருக்கிறார். 1869இல் கடற்படை அதிகாரி ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு லோரியான் என்ற துறைமுக ஊருக்குப் போனார், ஓவியம் நின்றுபோனது. மூன்று வருஷம் கழித்துத் தங்கை அவரைக் குழந்தையோடு உட்காரவைத்து வரைகிறார். 1874இல் புதுப்பாணி ஓவியர்கள் தாங்களே நடத்திய முதல் இம்ப்ரெஷனிஸ்ட் கண்காட்சியில் வைத்த 'தொட்டில்' படத்திலும் அதே அக்காதான். இது தெரிந்த பிறகு, அந்தப் படத்தை வெறும் அமைதியான வீட்டுக் காட்சியாக என்னால் பார்க்க முடியவில்லை. கூடவே வரைந்தவளை எதிரே உட்காரவைத்துப் பார்க்கும்போது தங்கைக்கு எப்படி இருந்திருக்கும்!

இரண்டாவது பிள்ளை பிறந்ததும் நீ தூரிகையை எடுத்து வைத்துவிட்டாய். ஏன் என்று ஒருநாளும் நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன், எழுது.

அப்புறம், நான் திண்ணையில் படுத்துப் படிப்பதை நீ வரைந்தாயே, அது என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நேற்று எடுத்துப் பார்த்தேன். என் கன்னத்தில் நீ வண்ணமே வைக்கவில்லை, வெறும் தாள்தான். வலது கண்ணை மூடிக்கொண்டு, புதுக் கண்ணால் மட்டும் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்புடன்,
உன் பழைய சிநேகிதி